தங்கம் போயாச்சு, தண்ணீரையாவது காப்பாத்துவோம்!



இன்று பிப்ரவரி 28. 2001-ல் இதே நாளில்தான் பாரத் கோல்டு மைன்ஸ் சுரங்கங்கள் மூடப்பட்டன. வருஷா வருஷம் இந்த நாளில் போன வேலையைப் பற்றிப் பேசுகிறோம், லைன் வீடுகளைப் பற்றிப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். இந்த முறை இன்னொன்றையும் சேர்த்துப் பேசணும்: நம்ம காலுக்குக் கீழே நிற்கும் தண்ணீர்.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து, வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்த நம்ம தாத்தாக்கள் தோண்டிய சுரங்கம் இது. சாம்பியன் ரீஃபில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினாங்க. ஊற்று நீரை இரவு பகலா பம்ப் அடித்து வெளியே தள்ளினால்தான் அங்கே வேலை நடக்கும். வேலை நின்றது, பம்பும் நின்றது. தோண்டிய இடத்தையெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொண்டது.

"தண்ணீர்தானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று சிலர் சொல்றாங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தங்கம் இருந்த பாறையில் கந்தகமும் ஆர்சனிக்கும் சேர்ந்த கனிமங்கள் உண்டு. சுரங்கம் ஓடிய காலம் முழுக்க அந்தப் பாறைச் சுவரில் காற்று பட்டது. காற்றும் ஈரமும் சேர்ந்தால் கந்தகக் கனிமம் அமிலமாகவும் உலோக உப்பாகவும் மாறும். பிறகு தண்ணீர் ஏறும்போது சுவரில் படிந்த உப்பு எல்லாம் அதில் கரையும். எங்கே தாழ்வான வழி கிடைக்குதோ, எங்கே பாறையில் விரிசல் இருக்குதோ, அங்கே கசியும்.

இது கற்பனை இல்லை. இங்கிலாந்தின் கார்ன்வாலில் வீல் ஜேன் என்ற வெள்ளீயச் சுரங்கத்தை 1991-ல் மூடி, பம்புகளை நிறுத்தினாங்க. 1992 ஜனவரியில் அடைப்பு உடைந்தது. சுமார் 5 கோடி லிட்டர் அமில நீர் கார்னன் ஆற்றில் பாய்ந்து, கடல் முகத்துவாரம் வரை ஆரஞ்சு நிறமாச்சு. அன்று முதல் அந்தத் தண்ணீரை பம்ப் செய்து, சுண்ணாம்பு போட்டுச் சுத்திகரித்துத்தான் ஆற்றில் விடுறாங்க. செலவு மக்கள் பணத்தில்.

அதே கதை இங்கேயும் நடக்கும் என்று நாங்க பயமுறுத்தலை. நம்ம பாறை வேறு. சாம்பியன் ரீஃப் பெரும்பாலும் வெள்ளைக்கல், அதில் கந்தகம் குறைவு. மேற்குப் பக்கத்து ரீஃபுகளில்தான் கந்தகம் அதிகம். ஆனா ஆர்சனிக் நகர்வதற்கு அமிலமே வேண்டியதில்லை, சாதாரண நீரிலேயே நகரும். அதற்கு நிறம் கிடையாது, ருசி கிடையாது. காய்ச்சினாலும் போகாது. அதனால்தான் சொல்றோம்: நம்பிக்கையும் வேண்டாம், பீதியும் வேண்டாம், அளந்து பாருங்க!

இப்போ ஏன் இந்தப் பேச்சு? தங்கவயலின் 13 சைனைட் மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் மண் கிடக்கிறது. அதை மறுபடி அரைத்துத் தங்கம் எடுக்க ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலை வரும் என்றால் வரவேற்போம். முறையாகச் செய்தால் மேடே கரையும், காற்றில் பறக்கும் தூசும் குறையும். அவசரத்தில் செய்தால், பல வருஷமா அசையாமல் கிடந்த மண்ணைக் கிளறி மழைநீரோடு நிலத்துக்குள் அனுப்புவோம். நாளைக்கு யாராவது சுரங்கத்தையே திறக்கிறேன் என்று வந்து தண்ணீரை வெளியே இறைத்தால், அந்தத் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகும்? முதல் கேள்வி இதுதான்.

சுரங்கத்தை மூடுவதற்கு முறையான மூடல் திட்டம் வேண்டும் என்ற கட்டாயம் நம் நாட்டு விதிகளில் 2003-ல்தான் வந்தது. நம்ம சுரங்கம் அதற்கு இரண்டு வருஷம் முன்னாடியே மூடியாச்சு. அந்த ஓட்டையில் நாம விழுந்துட்டோம். ஆனா சட்டம் கைவிடலை. 1996-ல் பாலாற்றுத் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? கெடுத்தவரே செலவு செய்து சரிசெய்யணும். கெடாது என்று நிரூபிக்க வேண்டியதும் தொழில் செய்பவர் பொறுப்பு. அதே பாலாற்றில்தான் நம்ம பேத்தமங்கலம் ஏரி இருக்கு. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் மக்களுக்காக வந்த தீர்ப்பு நமக்கும் பொருந்தும்.

ஆகவே நாம் கேட்பது:

1. ஷாஃப்ட்டுகளில் நீர்மட்டத்தை அளக்கணும். மேலாக ஒரு பாட்டில் மொண்டு சோதித்தால் போதாது. உப்பு கனத்த நீர் அடியில் தங்கும். மேலே தெளிவாகத் தெரியும். ஆழம் ஆழமாக மாதிரி எடுக்கணும்.

2. ஷாஃப்ட்டுகளையும் மேடுகளையும் சுற்றிக் கண்காணிப்புக் கிணறுகள் போடணும். மழைக்கு முன்னும் பின்னும் சோதனை. லிட்டருக்கு ஆர்சனிக் 0.01 மில்லிகிராம், சயனைடு 0.05 மில்லிகிராம், இதுதான் குடிநீருக்கு இந்தியத் தர அளவு. முடிவைத் தமிழிலும் கன்னடத்திலும் வார்டு வார்டா ஒட்டணும்.

3. நீர்மட்டம் எந்த அளவைத் தாண்டக் கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்து, அதற்கு முன் பம்பும் சுத்திகரிப்பு நிலையமும் தயாராக இருக்கணும்.

4. ஏல ஒப்பந்தத்திலேயே தண்ணீர் பாதுகாப்புக்கான வைப்புத்தொகை இடம்பெறணும். முதலில் சுத்திகரிப்பு, பிறகுதான் தோண்டல்.

5. அளவு மீறிய போர்வெல் உடனே மூடப்பட்டு, அந்தத் தெருவுக்கு மாற்றுக் குடிநீர் வரணும்.

தோழர்களே, உங்க தெரு போர்வெல் எத்தனை அடி, எந்த வருஷம் போட்டது, கடைசியா எப்போ சோதிச்சாங்க என்று எழுதி, உங்க கிளைச் செயலாளரிடம் கொடுங்க. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் அதிகாரிகளைச் சந்திக்கப் போகிறோம்.

வேலையா, தண்ணீரா என்று நம்மைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. ரெண்டும் வேணும். ரெண்டையும் கேட்போம்!

#தங்கவயல்_தண்ணீர்_எங்கள்_உரிமை