நடந்தே பார்க்கலாம்: கைலிக்குப் பெயர் கொடுத்த பழவேற்காடு!

மலேசியாவிலோ இந்தோனேசியாவிலோ உங்களுக்கு உறவினர்கள் இருக்கிறார்களா? அங்கே கட்டம் போட்ட கைலிக்கு என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள். 'காயின் பெலேகாட்' என்பார்கள். 'காயின்' என்றால் துணி. 'பெலேகாட்' வேறு எதுவும் இல்லை, நம் பழவேற்காடுதான்!

வள்ளூரில் இருந்து மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போகலாம். சென்னைவாசிகள் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி, பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்கலாம். சின்ன ஊர். அரை நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

கோட்டை எங்கே?

கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்த கிழக்குத் தீவுகளில் நம் ஊர்த் துணிக்கு ஏக கிராக்கி. துணியைக் கொடுத்தால் மசாலா கிடைக்கும். அந்தத் துணியைத் தேடித்தான் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டுக்கு வந்தார்கள். 1613-ல் இங்கே 'கெல்டிரியா' கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். வெடிமருந்துகூட இங்கே தயாரித்தார்கள்.

இன்று கோட்டை இருந்த இடத்தில் மேடும் புதரும்தான் மிச்சம்.

ஆனால், டச்சுக் கல்லறைத் தோட்டம் அப்படியே இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். வாசலில் நம்மை வரவேற்பவை இரண்டு எலும்புக்கூடு சிற்பங்கள்! குழந்தைகள் முதலில் பயப்படுவார்கள், அப்புறம் போட்டோ கேட்பார்கள். உள்ளே டச்சு எழுத்துகள் செதுக்கிய கல்பலகைகள். யார், எப்போது இறந்தார் என்ற விவரம் நானூறு ஆண்டுகளை நெருங்கியும் அழியவில்லை.

பெயர் இல்லாதவர்கள்

அங்கே நிற்கும்போது இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். 17-ம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்தில் இருந்து துணி மட்டும் போகவில்லை, மனிதர்களும் போனார்கள். பஞ்ச காலத்தில் பசி தாங்காமல் விற்கப்பட்டவர்களையும் விலை கொடுத்து வாங்கி, இன்றைய ஜகார்த்தாவான படேவியாவுக்கு அடிமைகளாக ஏற்றி அனுப்பினார்கள். வாங்கியவர்களுக்குச் செதுக்கிய கல்லறை இருக்கிறது. போனவர்களின் பெயர்களைச் சொல்ல ஒரு கல்கூட இல்லை. பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஊரின் கதை முழுசாகும்.

இன்னும் கொஞ்சம் நடங்கள்

ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் ராமாயணக் காட்சிகள் கையளவு சிற்பங்களாக இருக்கின்றன. நிதானமாகப் பாருங்கள். சின்னப் பள்ளிவாசலில் சூரியக் கடிகாரம் உண்டு. அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். இந்த ஊர்ப் பெண்களின் பனை ஓலைப் பின்னல் வேலை அழகு. ஒரு கூடை வாங்கினால் அவர்களுக்கும் வருமானம்.

கடைசியாக ஏரிக்கரை. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி இது. குளிர்காலத்தில் பூநாரைகளைப் பார்க்கலாம். படகில் ஏறும் ஆசை மட்டும் வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே நடந்த படகு விபத்தில் 22 பேர் உயிரிழந்தார்கள். கரையில் இருந்து பார்த்தாலே மனசு நிறையும்.

தொப்பி, தண்ணீர் பாட்டில் மறக்காதீர்கள். வீடு திரும்பியதும் அப்பாவின் கட்டம் போட்ட கைலியை ஒருமுறை பாருங்கள். கடல் தாண்டிப்போன ஒரு ஊரின் பெயர் ஞாபகத்துக்கு வரும்.