கரியமில வாயுவுக்குப் பிராயச்சித்தமா?

கங்கையில் முழுகினால் பாவம் தீரும் என்று சொன்ன புரோகிதன் பாவத்தைக் குறைத்தானா, வளர்த்தானா என்று நாம் வெகுகாலமாய்க் கேட்டு வருகின்றோம். இன்று எண்ணெய்க் கம்பெனி முதலாளிகளையும் அதே கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. ஆகாயத்திலுள்ள கரியமில வாயுவை யந்திரத்தால் பிடித்துப் பூமிக்குள் புதைத்துவிடலாமாம்!

ஐஸ்லாந்து தேசத்தில் 2021-ல் இப்படிப்பட்ட யந்திரசாலை ஒன்று ஏற்பட்டது உண்மையே. அது வருஷத்திற்கு 4,000 டன் பிடிப்பதற்கென்று கட்டப்பட்டது. உலகத்தார் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளிவிடுவதோ வருஷத்திற்குச் சுமார் 3,700 கோடி டன். அதாவது, யந்திரத்தின் ஒரு வருஷ வேலையை உலகம் நான்கு விநாடிக்குள் பாழாக்கி விடுகிறது. அமெரிக்காவின் ஆக்ஸிடென்டல் எண்ணெய்க் கம்பெனித் தலைவரே, இம்முறை தங்கள் தொழிலைக் காப்பாற்ற உதவும் என்று 2023-ல் பகிரங்கமாய்ச் சொன்னார். அப்படியானால் இது பாவத்திற்குப் பரிகாரமா, லைசென்சா?

நாம் விஞ்ஞானத்திற்கு விரோதிகளல்ல. எவ்வளவு குறைத்தாலும் மிஞ்சும் புகைக்கு ஈடாக, ஆகாயத்திலிருந்து கரியமில வாயுவை ஏதாவதொரு வழியில் அகற்றுவது தேவை என்று ஐ.நா. நிபுணர் குழுவும் 2022-ல் கூறிற்று. ஆனால், நாளைக்குப் பிடிப்போம் என்று சொல்லி இன்று எரிப்பது அறிவாகுமா? ஆகவே, குறைப்பதற்கு ஒரு கணக்கும் பிடிப்பதற்கு வேறு கணக்கும் சர்க்கார்கள் தனித்தனியாய்க் காட்டட்டும். தோழர்களே! இரண்டையும் கலந்து காட்டுகிற கணக்கைப் புரோகிதக் கணக்கென்றே தள்ளுங்கள்.