கண்ணீருக்கு மனு எண் கிடையாது

“கிராமத்துக்காகப் பேசணுமா? கணக்கையெல்லாம் ஓரம் கட்டுங்க. மனசை உருக்குற மாதிரி ஒரு சொந்தக் கதையைச் சொல்லுங்க.” தொண்டு நிறுவனப் பயிற்சிக் கூடம் முதல் தொலைக்காட்சி அரங்கு வரை இந்த உபதேசம் வேதவாக்காகிவிட்டது. கேட்பவர் கண் கலங்கினால் பாதி வேலை முடிந்தது என்று நம்புகிறார்கள். கலங்கிய கண் ஒரு பெண்ணுக்குத் தையல் இயந்திரம் வாங்கித் தரும். ஒரு மாணவிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும். அவர்கள் ஊர்க் கண்மாயின் வரத்துக்காலை அடைத்தது யார் என்ற கேள்வி மட்டும் அப்படியே கிடக்கும். உதவி கைக்கு வந்ததும் கதை முடிந்துவிடுகிறது. பதில் சொல்ல வேண்டிய அதிகாரியை யாரும் தேடுவதில்லை.

செட்டிநாட்டில் இந்த நம்பிக்கைக்குச் சாட்சியாக இழுக்கப்படுபவர், 1909இல் கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார். வள்ளலின் மனம் இளகியது, காரைக்குடியில் கல்வி தழைத்தது என்று மேடைதோறும் சொல்கிறோம். அவர் ஈகையில் யாருக்கும் சந்தேகமில்லை. 1947இல் கல்லூரி தொடங்கியதும் அவர்தான். ஆனால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு எப்படி வந்தது? 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். தில்லியை இந்த வறண்ட பூமிக்கு அழைத்துவந்ததில் பத்திரத்துக்கும் பணத்துக்கும் இருந்த பங்கை விட்டுவிட்டு, இளகிய மனதை மட்டும் சொல்லிச் சொல்லி, அடுத்த வள்ளலுக்காகக் காத்திருக்க ஊரைப் பழக்கிவிட்டோம்.

முந்நூறு ஏக்கர் இல்லாதவர்கள் எதைக் கொண்டு பேசுவது? ராஜஸ்தானின் கோட் கிரானா என்ற ஊர் 1994 டிசம்பரில் அதற்கு வழிகாட்டியது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு அங்கே மக்கள் விசாரணை நடத்தியது. அங்கும் ஒலித்தது சொந்தக் கதைதான். ஆனால் அரசுப் பணிகளின் வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலையும் பில்லையும் ஊர் நடுவில் உரக்கப் படித்துவிட்டு, அதன்பிறகுதான் ஆளைப் பேசச் சொன்னார்கள். அந்த விசாரணைகளில், ‘இந்த வேலைக்கு நான் போகவேயில்லை, இந்தக் கூலி என் கைக்கு வரவேயில்லை’ என்று ஒருவர் எழுந்து சொன்னால் அது புலம்பல் அல்ல, குற்றச்சாட்டு. அந்தப் போராட்டம் நாடெங்கும் பரவித்தான் 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. நூறு நாள் வேலைச் சட்டம் கிராமசபைக்குச் சமூகத் தணிக்கை அதிகாரம் கொடுத்ததும் அதே ஆண்டில்தான். 1997இலேயே தனக்கென ஒரு தகவல் சட்டம் கொண்டுவந்த தமிழ்நாட்டில், நாம் இன்னும் உருக்கத்தை நம்பிக்கொண்டிருக்கிறோம்.

கோட்டையூரிலேயே இந்த உருக்க நம்பிக்கைக்கு மறுப்பாக ஒரு மனிதர் வாழ்ந்தார். விளம்பரப் பலகை எழுதிய ஓவியர் ரோஜா முத்தையா, பழைய நூல்களோடும் இதழ்களோடும் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம் என்று பிறர் குப்பையில் போட்டதையெல்லாம் சேர்த்தார். எந்தக் காகிதம் நெஞ்சைத் தொடும் என்று பார்த்தா சேர்த்தார்? 1992இல் அவர் மறைந்தபின் ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் சென்னையில் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அதுவே அடித்தளம். உலகம் கோட்டையூரைத் தேடி வந்தது காகிதத்துக்காக.

‘பாமர மக்களிடம் தேதியும் கணக்கும் ஏது? கண்ணீர்தானே இருக்கிறது’ என்பார்கள். அக்கறை போலத் தோன்றும் இந்தப் பேச்சு வெறும் இளக்காரம். தாத்தா காலத்து மொய் நோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கும் வீடுகள் இந்தப் பக்கத்தில் எத்தனை! யார் வீட்டு விசேஷத்தில் எவ்வளவு எழுதினோம் என்பதை மறக்காதவர்களுக்கு, எந்த வருஷம் கலுங்கு பாய்ந்தது, எந்த வருஷம் மடை திறக்கவேயில்லை என்பது தெரியாதா? தெரியும். கேட்க வருகிறவர்தான் அதைக் கேட்பதில்லை. ‘கணக்கு யார் மனதையும் தொடாது’ என்பது இன்னொரு வாதம். ஒத்துக்கொள்கிறேன். கதைதான் காதைத் திறக்கும். ஆனால் திறந்த காதில் போட ஏதாவது இருக்க வேண்டும்.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. 2024இல் காரைக்குடி மாநகராட்சியானபோது பேரூராட்சிகளான கோட்டையூரும் கண்டனூரும் அதில் சேர்ந்தன. பக்கத்து ஊராட்சிகள் சிலவும் சேர்ந்தன. ஊராட்சி போனால் கிராமசபை போகும். கிராமங்களுக்கென வந்த வேலை உறுதித் திட்டமும் போகும். சேர்ந்ததில் லாபமா நஷ்டமா என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்ல வேண்டிய கதைகள் இருக்கின்றன: சேர்வதற்கு முந்தைய வருஷம் எத்தனை நாள் வேலை, என்ன கூலி, வீட்டு வரி எவ்வளவு, சேர்ந்த பிறகு எவ்வளவு? இவை இல்லாத கதைக்கு ஆறுதல் கிடைக்கும், பதில் கிடைக்காது.

மைக்கோடு வருகிறவர் ‘கொஞ்சம் உருக்கமா சொல்லுங்கம்மா’ என்று கேட்டால், எந்தத் தேதியில் எந்த அலுவலகத்தில் மனு கொடுத்தோம், மனு எண் என்ன, என்ன பதில் வந்தது என்று தொடங்குங்கள். அதை வெட்டிவிட்டு அழுகையை மட்டும் ஒளிபரப்பினால், அவர் வந்தது உங்கள் ஊருக்காக இல்லை.