கிரில் கேட்டின் சாவி யாரிடம்?

முதியோர் இல்லங்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பகலில்தான் வருகிறார்கள். பிள்ளையின் பிறந்தநாள், அப்பாவின் திதி, கல்யாண நாள் என்று யாராவது மதியச் சாப்பாடு போட வருவார்கள். வடை, பாயசத்தோடு பந்தி நடக்கும். சர்க்கரை நோயாளியின் இலையிலும் ஒரு லட்டு விழும். போட்டோ எடுத்து முடிந்ததும் கார் கிளம்பிவிடும். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கும் பகல்தான் வசதி. அன்றைக்கு வராந்தா கழுவி விடப்பட்டிருக்கும், கட்டில் விரிப்புகள் மாறியிருக்கும். இரவு ஒன்பது மணிக்குக் கிரில் கேட்டைப் பூட்டிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பதை எட்டிப் பார்க்க ஆள் இல்லை.

ஆனால் பெரிய விபத்துகள் நடப்பது அந்த நேரத்தில்தான். தில்லி கிரேட்டர் கைலாஷில் 2023 புத்தாண்டு நாளன்று முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் தீப்பிடித்து இரண்டு மூதாட்டிகள் உயிரிழந்தார்கள். அப்போது இன்னும் விடிந்திருக்கவில்லை. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்கு அருகிலுள்ள ரோஸ்பார்க் இல்லத்தில் 2004 ஜனவரி 31 அன்று தீப்பற்றியபோது மணி அதிகாலை நாலரையைத் தொட்டிருந்தது. அலமாரி ஒன்றில் ஏற்பட்ட மின்கோளாறுதான் தொடக்கம். அபாய மணி அடித்தது. வேலையில் இருந்தவர்கள் எங்கே தீ என்று தேடித் திரிந்தார்கள். தீயணைப்பு நிலையத்துக்கு அழைப்பு போவதற்குள் ஒன்பது நிமிடம் கடந்துவிட்டது. படுக்கையறைக் கதவுகள் பல திறந்தே கிடந்ததால் தாழ்வாரத்தில் பரவிய புகை அறைகளுக்குள் புகுந்தது. 14 பேர் இறந்தார்கள். எளிய முன்னெச்சரிக்கைகள் இருந்திருந்தால் அவர்களில் சிலரையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று 2011இல் வெளியான நீதிமன்ற விசாரணை முடிவு சொன்னது. தானே மூடிக்கொள்ளும் கதவு, ஊழியர்களுக்கு ஒழுங்கான தீயணைப்புப் பயிற்சி: செலவு பிடிக்கும் சங்கதி எதுவும் அதில் இல்லை.

2017 செப்டம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நடந்தது இன்னொரு வகை. இர்மா புயலில் ஹாலிவுட் நகரத்து முதியோர் பராமரிப்பு நிலையம் ஒன்றின் குளிரூட்டும் கருவிகளுக்கு மின்சாரம் நின்றுபோனது. மூன்று நாள் புழுக்கத்தில் கிடந்த முதியவர்களில் 12 பேரின் சாவுக்கு அந்த வெக்கையே காரணம் என்று முடிவானது. தெருவின் எதிர்ப்பக்கத்திலேயே பெரிய மருத்துவமனை இருந்தது. அடுத்த ஆண்டே அந்த மாநிலம் இத்தகைய நிலையங்களுக்கு ஜெனரேட்டரைக் கட்டாயமாக்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தென்சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததைப் பார்த்த நமக்கு இது தூரதேசத்துக் கதை அல்ல. மூன்றாம் மாடியில் சக்கர நாற்காலி, கீழே நின்றுபோன லிஃப்ட் என்ற காட்சியை யாரும் சிரமப்பட்டுக் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

தீயும் புயலும் என்றைக்கோ ஒருநாள் வருபவை. ஆனால் ஒவ்வொரு இரவும் செய்தாக வேண்டிய வேலைகளும் இருக்கின்றன. படுக்கையோடு கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வைத்துவிடும் என்பது எந்தச் செவிலியருக்கும் தெரிந்த பாடம். அப்படிப் பத்துப் பேர் இருந்தால் எட்டு மணி நேர இரவில் நாற்பது முறை புரட்ட வேண்டும். கனமான உடம்பென்றால் ஒருவரைப் புரட்ட இரண்டு பேர் தேவை. நடுவே டயப்பர் மாற்ற வேண்டும். இரண்டு மணிக்குக் கழிவறை போக வாக்கரைத் தேடும் தாத்தாவின் கையைப் பிடிக்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரே ஒரு ஆயா என்றால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று சொல்ல நிபுணர் குழு தேவையில்லை. அவரும் பகல் முழுக்கச் சமையலுக்கு ஒத்தாசை செய்துவிட்டு வந்தவராக இருப்பார்.

தமிழகத்தின் அனுபவம் இதைவிடக் கசப்பானது. 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இயங்கிய கருணை இல்லத்தின் வேனில் உயிரோடு ஒரு மூதாட்டியும், ஒரு சடலமும், காய்கறி மூட்டைகளும் ஒன்றாகச் சென்றதாகச் செய்தி வந்து மாநிலமே அதிர்ந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 2023 பிப்ரவரியில், விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இன்னோர் இல்லம். சேர்த்துவிட்ட முதியவரைப் பார்க்கப் போன உறவினர்களுக்கு, அவரைப் பெங்களூரில் உள்ள வேறோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டதாகப் பதில் கிடைத்தது. அங்கேயும் அவர் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் காவல்துறை உள்ளே நுழைந்தது. உரிமம் இல்லாமலே இயங்கிவந்த அந்த இடத்திலிருந்து முதியோர், மனநலம் பாதிக்கப்பட்டோர், ஆதரவற்றோர் என 140க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். அடி உதை, பாலியல் வன்கொடுமைப் புகார்கள் எழுந்தன. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. அந்த உறவினர்கள் தேடி வந்திருக்காவிட்டால்? தேடி வர யாருமில்லாதவர்கள்தானே இந்த இல்லங்களில் அதிகம்.

சட்டம் இல்லாமல் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இலேயே வந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாவது என்று, குறைந்தது 150 ஏழை முதியோர் தங்கும்படி மாநில அரசு இல்லம் ‘அமைக்கலாம்’ என்கிறது அதன் 19ஆவது பிரிவு. ‘வேண்டும்’ என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் ‘லாம்’ வந்து உட்கார்ந்துகொண்டது. தரம் பற்றி அந்தப் பிரிவு பேசுவதும் அரசு அமைக்கும் இல்லங்களைப் பற்றித்தான். மற்ற பராமரிப்பு இல்லங்களையும் பதிவு செய்யக் கட்டாயப்படுத்தி, குறைந்தபட்சத் தரம் வகுக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. நிலைக்குழு அதை ஆராய்ந்து அறிக்கையும் கொடுத்தது. மசோதா நிறைவேறாமலேயே அந்த மக்களவையின் ஆயுள் முடிந்துவிட்டது. 2021இல் தமிழகத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 13.6 விழுக்காடு, 2031இல் 18.2 விழுக்காடு ஆவார்கள் என்பது மத்திய அரசின் கணிப்பு. தில்லி எழுந்து வரட்டும் என்று காத்திருக்க இந்த மாநிலத்துக்கு நேரமில்லை. மாநில அரசே தனிச் சட்டம் கொண்டுவர வேண்டும்.

அதில் கட்டாயம் இடம்பெற வேண்டியது இரவுக் கணக்கு. இத்தனை பேருக்கு இத்தனை பேர் விழித்திருக்க வேண்டும், படுக்கையோடு கிடப்பவர்கள் இருந்தால் கூடுதலாக ஆள் வேண்டும் என்று எண்ணிக்கை எழுதப்பட வேண்டும். ‘போதிய பணியாளர்’ என்று எழுதினால் அந்தச் சொல்லுக்குள் ஒரு வாட்ச்மேனும் அடங்கிவிடுவார். புகையை உணரும் கருவி, தடையில்லாத இரண்டாவது வாசல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை ஆகியவை உரிமத்தின் நிபந்தனைகளாக வேண்டும். அடுத்தது பதிவேடு. சேர்ந்தவர், போனவர், இறந்தவர் என்ற மூன்று விவரமும் அன்றன்றே மாவட்ட சமூக நல அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒருவரை வேறு இல்லத்துக்கு மாற்றினால் இரண்டு பக்கத்துப் பதிவும் ஒத்துப்போக வேண்டும். குண்டலப்புலியூரில் அப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் அந்த முதியவர் காணாமல் போனது உறவினர்களுக்கு முன்பே அரசுக்குத் தெரிந்திருக்கும்.

இங்கிலாந்தில் ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒரு கண்காணிப்பு ஆணையம் தரமதிப்பு வழங்குகிறது. அதை வாசலில் மாட்டிவைப்பது 2015 முதல் கட்டாயம். அந்த ஆணையமே தன் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று 2024இல் அரசு அமைத்த ஆய்வு கடிந்துகொண்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் பெட்டி படுக்கையோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரும் மகளுக்கு வாசலில் படிக்க ஒரு தாளாவது அங்கே இருக்கிறது. இங்கே அவளுக்குக் கிடைப்பது டெபாசிட் ரசீது.

கெடுபிடி காட்டினால் சின்ன இல்லங்கள் மூடிவிடும், இருக்கிறவர்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்பது இல்லம் நடத்துவோரின் பதில். நன்கொடையை நம்பி, வாடகை வீட்டில், சொந்த நகையை அடகு வைத்து நடத்துகிறவர்கள் சொன்னால் அதை அலட்சியப்படுத்த முடியாது. அவர்களுக்கு ஓராண்டு அவகாசம் கொடுக்கலாம். புகையறியும் கருவிக்கும் கழிவறைக் கைப்பிடிக்கும் அரசே பணம் தரலாம், இரவு ஊழியரின் சம்பளத்தில் ஒரு பங்கை ஏற்கலாம். ஆனால் டெபாசிட்டாக லட்சங்களை வாங்கிக்கொண்டு, மாதக் கட்டணத்தையும் தனியே கறக்கும் இடங்கள் இதே வாதத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் தரக்கூடாது. உரிமமே இல்லாதவர்களுக்கு எந்த அவகாசமும் வேண்டாம். அங்கிருப்பவர்களை எங்கே கொண்டுபோவது என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டுப் பூட்ட வேண்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டி உட்கார வேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் ஒரு குழுவை அனுப்பலாம்: சமூக நல அலுவலர், தீயணைப்பு நிலைய அலுவலர், ஒரு அரசு மருத்துவர். முன்னறிவிப்பு இல்லாமல், இரவு இரண்டு மணிக்கு. வாசலில் நின்று பெல் அடித்துவிட்டு, கேட் திறக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வதிலிருந்து அவர்கள் ஆய்வைத் தொடங்கட்டும்.