என்ஜின் உங்களுடையது... அதன் மூளை யாருடையது?

காயலான் கடையில் காசு கொடுத்து ஒரு என்ஜினை வாங்கியவருக்கு, அந்த என்ஜினின் கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்க உரிமை உண்டா, இல்லையா? "இதென்ன கேள்வி, வாங்கியவனுக்கு இல்லாத உரிமையா?" என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அமெரிக்காவில் இதற்குப் பதில் சொல்ல 2015 வரை ஆனது. அப்போது கிடைத்த பதிலும் பாதிப் பதில்தான்.

முதலில், ஹாட் ராட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. இரண்டாம் உலகப் போருக்கு முன்பும் பின்பும் கலிஃபோர்னியா இளைஞர்கள் பழைய கார்களை மலிவாக வாங்கினார்கள். மட்கார்டு, பம்பர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, என்ஜினை முறுக்கேற்றி, வறண்ட ஏரிப் படுகைகளில் பறக்கவிட்டார்கள். அதுதான் ஹாட் ராட். 1948இல் இதற்கென்றே 'ஹாட் ராட்' என்ற பெயரில் ஒரு பத்திரிகையும் வந்தது. அவர்களுடைய செல்லப்பிள்ளை 1932 மாடல் ஃபோர்டு. எட்டு சிலிண்டர், 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். கார்பரேட்டரில் ஜெட்டை மாற்றினால் பெட்ரோல் அளவு மாறும். டிஸ்ட்ரிபியூட்டரில் கை வைத்தால் ஸ்பார்க் அடிக்கும் நேரம் மாறும். ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஸ்பேனர், கொஞ்சம் பொறுமை... அவ்வளவுதான். யாரும் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவில்லை.

இன்றைக்கும் அதே ஃபோர்டு உடம்பு கிடைக்கிறது. என்ஜின்தான் வேறு. விபத்தில் நசுங்கிய ஒரு செவர்லே சில்வராடோ டிரக்கிலிருந்து 5.3 லிட்டர் என்ஜினை எடுத்து வைக்கிறார்கள். உறுப்பு தானம் மாதிரி. அதனால்தான் அந்த டிரக்கை 'டோனர்' என்கிறார்கள். 1999இல் அந்த என்ஜினின் சக்தி 270 குதிரைத்திறன். பழைய ஃபோர்டைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்! கூடவே ஒரு அலுமினியப் பெட்டியும் வரும். அதுதான் கம்ப்யூட்டர். எத்தனை பெட்ரோல், எப்போது ஸ்பார்க், எந்தச் சூட்டில் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் முடிவு செய்வது அந்தப் பெட்டிதான்.

மாதக்கணக்கில் உழைத்து, ஒயரிங் முடித்து, சாவியைத் திருப்புகிறார் வண்டி கட்டியவர். என்ஜின் உறுமுகிறது. அவர் முகத்தில் சிரிப்பு. ஒன்று, இரண்டு... ம்ஹூம், நின்றுவிட்டது! திரும்பத் திருப்பினாலும் அதே கதைதான். பெட்ரோல் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, ஒயர் எதுவும் அறுந்திருக்கவில்லை. பிறகு என்ன?

திருட்டுத் தடுப்பு. டிரக்கில் இருந்த இன்னொரு பெட்டி, "சரியான சாவிதான், ஓடலாம்" என்று இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு சங்கேதம் அனுப்பும். அந்தப் பெட்டி இப்போது டிரக்கோடு சேர்ந்து காயலான் கடையில் கிடக்கிறது. சங்கேதம் வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். தான் இடம் மாறிய விஷயமே அதற்குத் தெரியாது, பாவம். இன்னும் டிரக்குக்குள் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே லேப்டாப்பை இணைத்து அதற்குப் புது வீட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும். திருட்டுத் தடுப்பை அணைக்க வேண்டும். டயர் அளவும் பின் ஆக்ஸில் கியர் விகிதமும் மாறியிருக்கும். அதைச் சொல்லாவிட்டால் ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லும், ஆட்டோமேட்டிக் கியர் தப்பான நேரத்தில் மாறும். மின்விசிறி வைத்திருந்தால் எந்தச் சூட்டில் சுற்ற வேண்டும் என்று சொல்ல வேண்டும். கேம் ஷாஃப்டை மாற்றியிருந்தால் வேலை இன்னும் அதிகம். சிலிண்டருக்குள் போகும் காற்றின் கணக்கே மாறிவிடும். 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற கணக்கைப் பிடிக்க அட்டவணையைக் கட்டம் கட்டமாகத் திருத்த வேண்டும். ஸ்பார்க்கை அளவுக்கு மீறி முன்னால் தள்ளினால் என்ஜின் 'நாக்' அடிக்கும், பிஸ்டனே போய்விடலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி இறங்கினால் கம்ப்யூட்டர் வெறும் செங்கல் ஆகிவிடும் அபாயமும் உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் அதனால்தான் முதலில் சார்ஜரை மாட்டி, பழைய ஃபைலை அப்படியே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் கை வைக்கிறார்கள்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு கார்பரேட்டரை மாட்ட வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. மாட்டலாம், ஓடும். ஆனால் குளிர்ந்த காலையிலும் மலையேற்றத்திலும் அந்தப் பெட்டி தானாகச் செய்யும் திருத்தத்தைக் கார்பரேட்டர் செய்யாது. ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து நொடிக்கு நொடி பெட்ரோலைக் கூட்டிக் குறைப்பதும் அதற்கு வராது. நல்ல மூளையைக் குப்பையில் போடுவதைவிட அதற்குப் பாடம் சொல்லித்தருவதே மேல்.

இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. 1998இல் அமெரிக்காவில் வந்த டிஜிட்டல் காப்புரிமைச் சட்டம், மென்பொருளுக்குப் போட்ட பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியது. சினிமாத் திருட்டை மனதில் வைத்துப் போட்ட சட்டம் கார் என்ஜின்வரை வந்துவிட்டது. 2015இல் வாகனங்களுக்கு விலக்கு வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது ஜெனரல் மோட்டார்ஸ் எதிர்த்தது. டிராக்டர் கம்பெனியான ஜான் டீரும் எதிர்த்தது; வாங்கியவருக்கு வண்டியை இயக்குவதற்கான உரிமம் மட்டுமே உண்டு என்பது அதன் வாதம். வீட்டை விற்றுவிட்டு ஒரு அறையின் சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு போவது போல!

அதே ஆண்டு ஜூலையில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான ஈ.பி.ஏ.வும் விலக்கை எதிர்த்துக் கடிதம் எழுதியது. திறக்கவிட்டால் புகைக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுவார்கள் என்பது அதன் பயம். இரண்டே மாதத்தில், செப்டம்பரில், ஃபோக்ஸ்வாகன் குட்டு வெளிப்பட்டது. புகைச் சோதனை நடக்கும்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும்படி அந்தக் கம்பெனியே மென்பொருள் எழுதியிருந்தது. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்கள்! சாலையில் நைட்ரஜன் ஆக்சைடு, அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு வரை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது இதுதான். மூடிய பெட்டி ஊரைக் காப்பாற்றவில்லை, திருட்டைத்தான் மறைத்தது.

அக்டோபரில் விலக்கு கிடைத்தது. அமலுக்கு வர மேலும் ஓர் ஆண்டு. 2018இல், உரிமையாளர்தான் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் நீங்கி, மெக்கானிக்கின் உதவியைப் பெற வழி பிறந்தது. ஆனாலும் இது நிரந்தரம் இல்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய சலுகை. சொந்தப் பொருளைத் தொடுவதற்குத் தவணை முறையில் அனுமதி! இதைத்தான் பாதிப் பதில் என்று சொல்ல வேண்டும்.

அதற்காக ஈ.பி.ஏ.வின் பயம் பொய் என்று சொல்லிவிட முடியாது. பத்தாண்டுகளில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் டிரக்குகளில் புகைக் கட்டுப்பாட்டைப் பிடுங்கிவிட்டார்கள் என்று 2020இல் அது மதிப்பிட்டது. பின்னால் கரும்புகை கக்கிக்கொண்டு போவதை வீரம் என்று நினைக்கும் கூட்டம் அது. அவர்கள் செய்வது உரிமை அல்ல, அடுத்தவன் மூச்சில் கை வைப்பது. தூய காற்றுச் சட்டம் அதைத் தனியாகவே தடை செய்கிறது. அதைச் செய்தவரைப் பிடிக்கட்டும், அபராதம் போடட்டும். அதற்காக, நின்றுபோன என்ஜினை ஓடவைக்க முயல்கிறவரின் கையில் ஏன் விலங்கு?

ஃபோக்ஸ்வாகன் எப்படி மாட்டியது என்பதை யோசித்துப் பாருங்கள். மேற்கு வெர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காரிலேயே கருவியை ஏற்றிக்கொண்டு, சாலையில் ஓட்டி, புகையை அளந்தார்கள். அவர்கள் பூட்டைக் காவல் காக்கவில்லை; புகைக்குழாயைப் பார்த்தார்கள். வழி அதுதான். பூட்டைப் பார்க்காதீர்கள், புகையைப் பாருங்கள்.

உரிமை கேட்கிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. கலிஃபோர்னியாவில் 1975 மாடல் வரையிலான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை கிடையாது. 1932 ஃபோர்டுக்குள் 1999 என்ஜினை வைத்தவரை அந்தச் சோதனைக்கு யாரும் கூப்பிடப் போவதில்லை. கூப்பிடவில்லை என்பதற்காகக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைத் தூக்கி எறிய வேண்டுமா என்ன? அந்த என்ஜின் அதோடுதான் பிறந்தது, அதோடு நன்றாகவே ஓடும். புது உடம்புக்குத் தேவையானதை மட்டும் மாற்றுங்கள். எதை மாற்றினீர்கள் என்று எழுதி, பழைய ஃபைலோடு சேர்த்து வையுங்கள். நாளைக்கு அந்த வண்டியை வாங்கப்போகிறவருக்கும், அதை ரிப்பேர் பார்க்கப்போகிற மெக்கானிக்குக்கும் அதைவிடப் பெரிய உதவி இல்லை. சாவியைத் தராமல் விற்ற கம்பெனியைத் திட்டிவிட்டு, தானும் சாவியை ஒளித்து வைத்தால் அப்புறம் இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?