வேட்டைநாய்த் தேர்வும் தமிழ் ஏவலும்

நாயை அழைப்பதற்கும் ஆங்கிலம் வேண்டும் என்னும் நிலைக்குத் தமிழன் வந்து சேர்ந்துவிட்டான். இராசபாளையத்து நாயைப் பெருவிலை கொடுத்து வாங்கி வருகின்றான். அதற்கு 'டைகர்' என்றோ 'ராக்கி' என்றோ பெயரிடுகின்றான். 'கம்' என்றும் 'சிட்' என்றும் 'கோ' என்றும் ஏவுகின்றான். தாயோடும் மனைவியோடும் தமிழ் பேசுகின்றவன் நாயோடு பேசும்போது மட்டும் வெள்ளைக்காரனாகி விடுகின்றான். நாய்க்கு ஆங்கிலம்தான் விளங்கும் என்று இவனுக்கு எவர் சொன்னாரோ, நாமறியோம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்றோர் ஊர். அங்கே ஏழாம் நூற்றாண்டின், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காக்கும் பூசலில் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் மறவனுக்கு எடுக்கப்பெற்ற கல் அது. அவனுருவின் அருகில் அவன் நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கின்றது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செயலும், கோவிவன் என்னும் அந்நாயின் பெயரும் அக்கல்லிலேயே எழுதப்பட்டுள்ளன. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பு நாய்க்குப் பெயரிட்டு, அதன் செயலைக் கல்லில் வெட்டி, வழிபடுகல்லில் அதற்கும் இடங்கொடுத்த இனத்தின் வழித்தோன்றல்தான் இன்று 'டைகர்' என்று கூவி நிற்கின்றான்!

இச்செய்தியை இப்பொழுது எடுத்துரைப்பதற்குக் கரணியம் உண்டு. மதுரைக்குத் தெற்கே கப்பலூர், திருமங்கலம், கள்ளிக்குடி ஊர்ப்புறங்களிலும், அதற்கப்பால் விருதுநகர்க் கரிசல் வெளியிலும் நம் நாட்டு நாய்களை வளர்க்கும் ஆர்வம் இளைஞரிடையே மீண்டும் தளிர்த்து வருகின்றது. சிப்பிப்பாறையும் இராசபாளையமும் விருதுநகர் மாவட்டத்து ஊர்கள். கோம்பை தேனி மாவட்டத்தது. ஊர்ப்பெயரையே இனப்பெயராகத் தாங்கிய நாய்கள் இவை. 2005ஆம் ஆண்டில் நடுவணரசு வெளியிட்ட நான்கு நாயின அஞ்சல்தலைகளுள் இராசபாளையமும் ஒன்று. பெருமைதான். ஆனால் அஞ்சல்தலையில் நிற்கும் நாய் ஓடுமா, கேட்குமா, ஏவினால் செய்யுமா என்பதை யார் பார்த்தார்?

நாய்க்காட்சி என்று நகரங்களில் ஒன்று நடக்கின்றது. நாயைக் குளிப்பாட்டிச் சீவி, கயிற்றில் பிடித்து வட்டமாக நடத்திக் காட்டினால் நடுவர் உயரமும் நிறமும் வாலின் வளைவும் பார்த்துப் பரிசு கொடுப்பார். இதனால் விளைந்த கேடு சிறிதன்று. இராசபாளைய நாய் பால்வெள்ளையாய் இருக்கவேண்டும், மூக்குச் செந்நிறமாய் இருக்கவேண்டும் என்னும் நிறப்பித்து முற்றி, வெள்ளையோடு வெள்ளையையே சேர்த்துச் சேர்த்துப் பெருக்கினர். அதன் பயனாய்ப் பிறவிச் செவிடு அவ்வினத்தில் மிகுந்துவிட்டது. நிறமிக் குறையும் உட்செவிக் கேடும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பது விலங்கு மருத்துவர் அறிந்த செய்தி. வேற்று நிறத்தோடு பிறந்த குருளை நல்ல செவியோடு பிறந்தும் விலக்கப்படுகின்றது. செவிட்டுக் குருளை வெள்ளையாய்ப் பிறந்த ஒன்றினாலேயே கொண்டாடப்படுகின்றது. பன்றி வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனத்துக்குக் காது கேளாமற் போவதினும் பெரிய இழிவு எது?

(குருளை என்றது சொல்லழகுக்காக அன்று. நாயின் இளமையைக் குருளை என்று வழங்குமாறு தொல்காப்பிய மரபியல் வகுத்துள்ளது. முயலின் இளமைக்கும் அதே சொல்தான். துரத்துவதற்கும் துரத்தப்படுவதற்கும் ஒரே பெயரிட்ட முன்னோரின் மனத்தை எண்ணிப் பார்க்க இன்பமாயிருக்கின்றது.)

அயல்நாட்டார் இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டனர். தோற்றத்தை மட்டும் பார்த்தால் நாய் கெடும் என்று கண்டு, வேலையைப் பார்க்கத் தொடங்கினர். இங்கிலாந்தில் 1865ஆம் ஆண்டு சவுதில் என்னும் ஊரில் பறவை நாய்களுக்கு முதற் களப்போட்டி நடந்தது. பறவை நாய் என்பது கவுதாரி, காடை முதலியவற்றை மோப்பத்தால் கண்டு, பாயாமல், பறவை பதுங்கியிருக்கும் திசையைத் தன் மூக்கால் சுட்டி அசையாது நிற்பது; வேடன் சுட்டு வீழ்த்தியபின் பறவையைச் சிதைக்காமல் வாயிற் கவ்விக் கொணர்வது. போட்டியில் ஒரு நாய் வெல்ல மற்றொன்று தோற்கவேண்டும். அதனால் பணமும் பகையும் புகுந்தன. பிற்காலத்தில் அமெரிக்கர் போட்டியை விடுத்துத் தேர்வாக அமைத்தனர். வட அமெரிக்கப் பல்திற வேட்டைநாய்க் கழகம் 1969இல் தோன்றியது. அமெரிக்க நாய்க்கழகத்தின் வேட்டைத் தேர்வுகள் 1985இல் தொடங்கின. தேர்வில் நாய் இன்னொரு நாயோடு பொருதுவதில்லை. வகுத்து வைத்த அளவோடுதான் ஒப்பிடப்படுகின்றது. பத்து நாய் வந்தால் பத்தும் தேறலாம். பத்தும் தவறவும் செய்யலாம். அமெரிக்க நாய்க்கழகத்தின் சுட்டுநாய்த் தேர்வில், தொடக்க நிலை நாய்க்குத் தேடும் ஊக்கம், பறவையைக் கண்டறியும் திறம், சுட்டி நிற்றல், பயிற்சிக்கு இணங்குதல் என நான்கு கூறுகள் உள்ளன. கூறு ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். எதிலும் ஐந்துக்குக் குறையலாகாது. மொத்தச் சராசரி ஏழாவது வேண்டும். ஒன்றிற் பத்துப் பெற்று மற்றொன்றின் நான்கை மூடி மறைக்க முடியாது. நேர்மையான முறை இது. நம் பள்ளித் தேர்வுகளே இதனிடம் கற்கலாம்.

இதை அப்படியே பெயர்த்துக் கொணர்ந்து கப்பலூரில் நடத்துவோம் என்று சிலர் கிளம்பக்கூடும். அது மடமை. நம் கன்னியும் சிப்பிப்பாறையும் மூக்கால் வேட்டையாடும் இனங்களல்ல. கண்ணால் கண்டு காலால் எட்டிப் பிடிப்பன. நீண்ட கால், ஒடுங்கிய வயிறு, ஆழ்ந்த மார்பு ஆகியன கரிசல் வெளியில் முயலின் பின்னே ஓடுவதற்கென்று அமைந்த உறுப்புகள். இவற்றைச் சுட்டி நிற்கச் சொல்லி, நிற்கவில்லையென்று குறை மதிப்பெண் போடுவது மீனுக்கு மரமேறும் தேர்வு வைப்பது போலாகும். அளவுகோலால் அளக்கும் முறையை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வோம். அளவுகோலை நாம் செய்வோம்.

அதற்குமுன் சட்டத்தை ஒருமுறைக்கு இருமுறை தெரிந்துகொள்ளல் வேண்டும். 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்க் காப்புச் சட்டத்தின்படி, காட்டு விலங்கைக் கொல்லுதல் மட்டும் வேட்டையன்று. துரத்துதல், கண்ணியிடுதல், இரைகாட்டி ஈர்த்தல், இவற்றுக்கு முயலுதல் எல்லாமே வேட்டைதான். முயலின் பின்னே நாயை ஏவிவிட்டு, 'பிடிக்கவில்லையே, ஓடத்தானே விட்டேன்' என்று சொல்லித் தப்ப இயலாது. கவுதாரிக்கும் இதே காப்பு உண்டு. விலங்கைப் போருக்குத் தூண்டுவதை 1960ஆம் ஆண்டு விலங்குக் கொடுமைத் தடுப்புச் சட்டம் விலக்குகின்றது. சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. சீமைக்கருவேல் மூடிய நிலத்தில் எஞ்சி நிற்கும் சில முயலும் சில கவுதாரியும் நம் நாய்களைப் போலவே இம்மண்ணின் உயிர்கள். ஒன்றைக் காக்க மற்றொன்றை அழிப்பதா?

உயிரைத் துன்புறுத்தாமலே தேர்வு வைக்க முடியும். பழைய மிதிவண்டிச் சக்கரம் ஒன்றைத் தறியில் பொருத்தி, 150 மீட்டர் நீளக் கயிற்றைச் சுற்றி இழுத்தால், கயிற்று முனையில் கட்டிய வெள்ளைத் துணி முயல்போலத் துள்ளி ஓடும். நாயின் விரைவும், திரும்பும் திறமும், இடைவிடா ஊக்கமும் அதிலேயே தெரிந்துவிடும். மோப்பத்துக்குக் கோழியிறகு கட்டிய துணியுருளையைப் புல்வெளியில் இழுத்துச் சென்று மறைத்து வைக்கலாம். அதையே கொணரச் செய்தால், கடித்துக் குதறாமல் கையில் தருகின்றதா என்பதும் விளங்கும்.

தொடங்குகின்றவர்க்குச் சில சொல்வோம். குருளையை ஈன்ற ஏழெட்டுக் கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. வாங்கும்போதே அதன் பின்னால் நின்று, அது காணாதவாறு, தட்டிலொரு தட்டுத் தட்டிப் பாருங்கள். செவி திரும்பாத குருளையை எவ்வளவு வெள்ளையாயினும் ஈனுதற்குப் பயன்படுத்தாதீர்கள். மூன்று திங்களில் வெறிநாய்க்கடி நோய்க்குத் தடுப்பூசி கட்டாயம். ஓராண்டு நிறையும்வரை எலும்பு முனைகள் வளர்ந்துகொண்டிருக்குமாதலால் கடுமையாக ஓடவிடுவது தீங்கு. வெடியொலிக்குப் பழக்குவதானால், அது பசியோடு உண்ணும் வேளையில் தொலைவில் ஓர் ஏனத்தைத் தட்டி, நாள்தோறும் சிறிது சிறிதாய் அணுகவேண்டும். வேடிக்கையென்று காலடியில் வெடிகொளுத்திப் போடுகின்றவன் அந்த நாயை வாழ்நாள் முழுமைக்கும் கெடுத்தவனாவான்.

பயிற்சி வைகறையில்தான். பனியீரம் உள்ளபோது மோப்பம் தங்கும். மதுரை வெயிலில் ஒன்பது மணிக்குமேல் நாய் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணித்தாக வேண்டியிருப்பதால், வாய்திறந்த நாயின் மூக்கு வேலை செய்யாது. காற்றுக்கு எதிர்முகமாக நாயை விடவேண்டும் என்பதை மறவாதீர்கள். ஆடிக் காற்றில் மேற்கு நோக்கியும், தை மாசியில் வடகிழக்கு நோக்கியும் விட்டால் மணம் மூக்குக்குத் தானே வந்து சேரும்.

இனி, ஏவற்சொல். ஏவற்சொல் குறுகியதாய், ஒன்றோடொன்று மயங்காததாய் இருக்கவேண்டும் என்பதே பயிற்சியாளர் யாவரும் ஒப்பும் விதி. தமிழின் ஏவல் வினைக்கு இதனினும் பொருத்தமான மொழி வேறெது? வா, நில், இரு, போ, தா என வேர்ச்சொல்லே ஏவலாய் நிற்கின்றது. ஆயினும் ஆய்ந்து தெரிதல் வேண்டும். எடு, விடு, கொடு, தேடு என்னும் நான்கையும் ஒருங்கே வழங்கினால் நாய் மயங்கும். நான்கும் 'டு' என்றே முடிகின்றன. ஆதலால் தேடு என்பதற்கு மாறாக முகர் என்றும், கொடு என்பதற்கு மாறாகத் தா என்றும் வழங்குக. எடு மட்டும் நிற்கட்டும். விடு என்பதற்கு ஈடாய் உமிழ் என்று ஒருவர் சொல்லக் கேட்டேன், நாயும் கேட்டது. ஏவிவிடுவதற்கு நம் ஆயரும் வேட்டுவரும் வழங்கிவரும் 'சூ' இருக்கவே இருக்கின்றது. வீட்டார் அனைவரும் ஒரே சொல்லை வழங்குவது இன்றியமையாதது. தந்தை வா என்றும் மகன் 'கம்' என்றும் அழைத்தால் நாய் இருவரிடமும் வராது.

தை அறுவடைக்குப்பின் கப்பலூர்ப் புறத்தே, நாற்கரச் சாலைக்கு நெடுந்தொலைவு விலகி, உழவர் இசைவோடு சோளமறுத்த கொல்லை ஒன்றைத் தேர்ந்து முதல் தேர்வை நடத்தலாம். விளியொலிக்குத் திரும்பி வருதல், ஓட்டம், மோப்பம், கொணர்தல், வெடியொலிக்கு அஞ்சாமை என ஐந்து கூறு, ஒவ்வொன்றுக்கும் பத்து, ஐந்துக்குக் குறைந்தால் தவறியது. கோம்பை ஓட்டத்தில் கன்னிக்கு ஈடாகாது. எனவே ஓட்டத்தின் அளவை இனத்துக்கேற்ப வகுக்கவேண்டும். பரிசுப்பணமும் பந்தயமும் கூடவே கூடா. விலங்கு மருத்துவர் ஒருவரும் தண்ணீர்த் தொட்டியும் இன்றி ஒரு நாயையும் அவிழ்த்துவிடலாகாது. மதிப்பெண் தாளில் நாயின் பெயர், ஈன்றாள், ஈன்றான், செவிநிலை ஆகியவற்றைத் தமிழில் எழுதி வைத்தால், நான்கைந்து ஆண்டில் எந்தக் கால்வழியில் செவிடு மிகுகின்றது, எதில் ஓட்டம் குன்றுகின்றது என்பதை அத்தாள்களே காட்டும். இப்பொழுது இரண்டு திங்கள் ஆன குருளையை வைத்திருப்போர் இந்தத் தையில் விளியொலிக்கும் மோப்பத்துக்கும் மட்டும் கொண்டுவரட்டும். ஓட்டத்துக்கு அடுத்த தை வரட்டும்.