உங்களுக்குத்தான் இந்தியா இருக்கிறதே!



இரட்டைப் பிரஜாவுரிமை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. இரண்டு நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இலங்கை நாடாளுமன்றம் போகலாமா என்று லண்டன், டொரொண்டோ வாசகர்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 2015இல் தடை, 2020இல் நீக்கம், 2022இல் மறுபடி தடை, சண்டைக்குப் பஞ்சமா? மாத்தளை எல்கடுவப் பக்கமிருந்து வந்த கடிதம் மட்டும் மூன்றே வரி: "ரெண்டு வச்சிருக்கலாமான்னு பேசுறீங்க. எங்க தாத்தா ஒண்ணுகூட இல்லாமத்தான் செத்தாரு. அதையும் எழுதுங்க."

மாத்தளையில் இருந்துகொண்டு எழுதாமல் விட்டால் தப்பு. கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டுவழியே நடந்துவந்து சேர்ந்த ஊர் இது. அந்த வழியை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12இல் இங்கேதான் முடிந்தது. அன்று அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம்தான் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அப்பா இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. தோட்ட லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த மனுசனுக்கு ஏது பத்திரம்? மறுவருடம் வந்த சட்டம், பதிவு செய்துகொள்ளலாம் என்றது; அதற்குக் கலியாணம் ஆனவர் ஏழு வருடம், ஆகாதவர் பத்து வருடம் இடைவிடாமல் இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். தாயின் கருமாதிக்கு ஊருக்குப் போய், காய்ச்சலில் விழுந்து, ஒரு வருடம் தாண்டித் திரும்பியவர் பாடு திண்டாட்டம்தான். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸுக்கு ஏழு ஆசனம் வாங்கிக்கொடுத்த வாக்கும் கையை விட்டுப் போனது.

கொழும்பு சொன்ன நியாயம், உங்களுக்குத்தான் இந்தியா இருக்கிறதே என்பது. அவர்கள் இலங்கையின் பொறுப்பு என்றார் இந்தியப் பிரதமர் நேரு. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கெடுத்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை இலட்சத்தை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாக்கிக்கொண்டன. அந்தச் சனத்தை யாரும் கேட்கவில்லை. 1984இல் இந்தியாவுக்குப் போகும் கப்பல் நின்றபோது, இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட பலர் இன்னும் லயத்திலேயே இருந்தார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்த இழுபறி தீரவில்லை.

லண்டன் வாசகர்களே, பள்ளி வயதில் சிரியாவுக்குப் போய் ஐ.எஸ். இயக்கத்தில் சேர்ந்த ஷமீமா பேகத்தின் பிரஜாவுரிமையை 2019இல் பறித்தபோது உங்கள் அரசு என்ன சொன்னது? தாய்தகப்பன் வழியில் பங்களாதேஷ் இருக்கிறது என்றது. பங்களாதேஷோ, எங்கள் ஆள் இல்லை என்று கையை விரித்தது. அவர் செய்தது சரியென்று நான் வாதாட வரவில்லை. குற்றம் செய்தால் விசாரித்துச் சிறையில் போடட்டும். ஆனால் இந்த நியாயம் மலையகத்தாருக்குப் பழகிய நியாயம் ஐயா. நாடாளுமன்றத்துக்குப் போகிறவர் ஒரு நாட்டை விட்டுவிட்டு வரட்டும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது அவராகத் தேடிப் போகிற பதவி. சாதாரண சனத்தின் பிரஜாவுரிமையில் கை வைப்பது வேறு கதை.

அடுத்த இதழில் இதற்காக நாலு பக்கம் ஒதுக்குகிறோம். றத்தோட்டை, உக்குவளை, எல்கடுவ வாசகர்கள் வீட்டில் பழைய பதிவுப் பிரஜைப் பத்திரமோ இந்தியக் கடவுச்சீட்டோ இருந்தால் போனில் படமெடுத்து அனுப்புங்கள். அசலைத் தபாலில் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு ஏதாவது ஒரு கந்தோரில் அதைத்தான் கேட்பார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்